பின்புறத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் இரண்டு கிலோமீட்டர்?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கோயம்புத்தூரில் சரவணம்பட்டிக்குக் கிழக்கே சைட் வாங்கி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். மொட்டை மாடியில் நின்றால் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து மைதானம் தெரிகிறது, மணி அடிப்பதுகூடக் கேட்கிறது. நேராகப் போனால் 150 மீட்டர்தான் இருக்கும். ஆனால் தெரு முனையில் ஒரு சுவர். மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றிப் போனால் 2 கிலோமீட்டர். ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவர் நீங்கள்; அங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். அதனால்தான் நகரம் பெருத்தால் தெருக்கள் இப்படித் துண்டு துண்டாகத்தான் ஆகுமா, நாளாக ஆகத் தானே சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. துண்டாகித்தான் தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. தானே சரியாகுமா என்றால், ஆகாது. இந்த இரண்டாவதை உறுதியாகவே சொல்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்து, 26 வருடமாகச் சூலூர், பல்லடம், அன்னூர் பக்கம் பூமி அளந்து மனைப்பிரிவு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நகரத் திட்டமிடல் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. அதனால் நகரம் முழுவதையும் பற்றிச் சொல்லும்போது அடுத்தவர் ஆய்வை நம்பித்தான் பேசுவேன். ஒரு தோட்டம் எப்படி நாற்பது சைட்டாக மாறுகிறது, அந்த நேரத்தில் ரோடு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் என் கையால் செய்தே பார்த்திருக்கிறேன்.

தெருக்கள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதை அளக்க முடியும். எளிய வழி, ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை தெரு வந்து சேர்கிறது என்று எண்ணுவது. முட்டுச்சந்தின் முனைக்கு 1, ஒரு தெரு இன்னொன்றில் வந்து முட்டும் இடத்துக்கு 3, நாற்சந்திக்கு 4. ஒரு பேட்டை முழுவதற்கும் சராசரி எடுத்தால் அதன் குணம் தெரிந்துவிடும். இன்னொரு வழி, நேர்க்கோட்டுத் தூரத்தைப் போல எத்தனை மடங்கு நடக்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது. சதுரக் கட்டமாகத் தெரு போட்ட ஊரில் இது சராசரியாக 1.27 மடங்கு வரும், மிஞ்சிப்போனால் 1.41. உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இது 13 மடங்கு. உங்கள் பகுதியின் தெருக்கள் மரக்கிளை மாதிரி அமைந்துவிட்டன. ஒரு கிளையின் நுனியிலிருந்து பக்கத்துக் கிளையின் நுனி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தாலும், எறும்பு அடிமரம் வரை இறங்கித்தான் ஏற வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த மரம் எங்கிருந்து முளைத்தது என்பதற்குப் பூமியின் பழைய அமைப்பைப் பார்க்க வேண்டும். காவிரிக் கழிமுகத்தில் ஊர் ஓரிடத்திலும் வயல் ஓரிடத்திலுமாக இருக்கும். கொங்கு நாட்டில் கிணறு வெட்டிய இடத்தில் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே சாளை என்னும் குடியிருக்கும் வீடு, சுற்றிலும் கிளுவை வேலி. ஒரு தோட்டத்து வேலிக்கும் அடுத்த தோட்டத்து வேலிக்கும் நடுவே மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஒரு தடம் விட்டிருப்பார்கள். அதுதான் இட்டேரி. பழைய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் மாமூல் வண்டித்தடத்தில் போக வர உள்ள தடபாத்தியத்தை, அதாவது வழி உரிமையைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கும். எங்கள் தொழிலில் அந்த ஒரு வரிக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்துபோனதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

இன்று நீங்கள் காரில் போகும் வளைந்து வளைந்து செல்லும் குறுக்கு ரோடுகளில் பல ஒரு காலத்து இட்டேரிகள்தான். வேலியை ஒட்டிப் போனதால் வளைந்தன. தார் போட்ட பிறகும் வளைவு போகவில்லை. ஆனால் இட்டேரிகள் நெருக்கமாக இருந்ததில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரைக் கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர்கூட இருக்கும். அந்த இடைவெளியில் ஏழெட்டுத் தோட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இட்டேரியிலிருந்து ஒரே ஒரு வாய். வெள்ளாமை செய்யும்வரை அது போதும். பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அப்புறம் சைட் போடும் காலம் வந்தது. ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 140 மீட்டர்தான். அதற்குள் நடுவே ஒரு ரோடு, இருபுறமும் மூன்று செண்ட், நான்கு செண்ட் மனைகள், குறுக்கே ஒன்றிரண்டு ரோடு. பழைய வாய்தான் புதிய நுழைவு. பூமி அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்து நீளவாக்கில் கிடந்தால் இன்னும் மோசம், ஒரே ரோடு உள்ளே போய் வேலியில் முட்டி நின்றுவிடும். அடுத்த தோட்டம் எட்டு வருடம் கழித்து விற்பனைக்கு வரும், அதற்கும் இதே கதை. இப்படித் தோட்டம் தோட்டமாக நகரம் நகர்ந்து வந்ததால், பழைய வேலிகள் அழிந்த பிறகும் வேலி இருந்த கோடு அழியவில்லை, சுவராக எழுந்து நிற்கிறது.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், பல்லடம் பக்கம் நாலே முக்கால் ஏக்கருக்கு வரைபடம் போட்டேன். கிழக்கு எல்லை வரை ரோட்டைக் கொண்டுபோய்த் தொட்டு நிறுத்தியிருந்தேன், நாளைக்கு அந்தப் பக்கமும் தொடரட்டும் என்று. பூமிக்காரர் வரைபடத்தைப் பார்த்ததும் அந்த முனையில் விரலை வைத்தார். “கெழக்கால இருக்கறவரு நாளைக்கு சைட் போட்டா நம்ம ரோட்டுலதானுங்க வந்து போவாங்க. அவருக்கு நாம எதுக்கு ரோடு போட்டுத் தரோணும்?” என்றார். கடைசி மூன்றடியை வெட்டிப் பக்கத்து மனையோடு சேர்த்துக் கொடுத்தேன். ஆறு வருடம் கழித்துக் கிழக்கே இருந்தவரும் சைட் போட்டார். மூன்றடி குறுக்கே நின்றதால் அவர் தன் ரோட்டை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று இரண்டு பக்கமும் வீடுகள் நிறைந்துவிட்டன. அந்த மூன்றடிமேல் ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அந்தப் பூமிக்காரர் கெட்டவர் இல்லை. தன் நிலத்துக்கு எது லாபமோ அதைக் கேட்டார். வரைகிற நான் அப்போதே விடாப்பிடியாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது எனக்கு உறுத்துகிறது.

ஆர்.எஸ்.புரம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோயம்புத்தூரின் பழைய டவுனை உலுக்கி எடுத்தது. அந்த நெருக்கத்திலிருந்து வெளியேறத்தான் மேற்கே புதிய பேட்டை விரிந்தது. அங்கே முதலில் தெருவுக்குக் கோடு போட்டார்கள், அப்புறம்தான் மனை. காந்திபுரத்திலும் டாடாபாத்திலும் தெருக்களுக்கு எண் போட்டுக் கூப்பிட முடிவதே அவை வரிசையாக ஒரே கையால் வரையப்பட்டவை என்பதற்குச் சாட்சி. அந்த வீடுகளில் பல இன்று கடைகளாகவும் ஆஸ்பத்திரிகளாகவும் மாறிவிட்டன. தெரு மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. லண்டன் 1666-ல் தீப்பிடித்து எரிந்தபோது புதிதாக அகலத் தெருக்கள் போடத் திட்டங்கள் வந்தன. ஆனால் நிலம் ஆளுக்கு ஆள் சொந்தமாக இருந்ததால், நகரம் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே மறுபடி எழுந்தது. வீடு எரிந்தாலும் தெரு எரிவதில்லை. ஒரு தடவை போட்டது நூறு, இருநூறு வருடம் நிற்கும். தானே சரியாகாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் உள்ள தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்துக் கணக்கிட்டு 2020-ல் வெளியிட்டார்கள். மக்கள்தொகை அதிகமுள்ள 134 நாடுகளில் 90 சதவீதத்தில், 1975-க்குப் பிறகு புதிதாகப் போட்ட தெருக்கள் முந்தையவற்றைவிடக் குறைவாகவே இணைந்திருக்கின்றன. 2000-க்குப் பிறகு நிலைமை தேறுவது 29 சதவீத நாடுகளில்தான். எங்கே முன்பே இணைப்பு குறைவோ, அங்கேயே பின்னாலும் குறைவு என்பதும் அதில் தெரிந்தது. அமெரிக்காவைப் பற்றி அவர்களே 2015-ல் செய்த ஆய்வில், இந்தத் துண்டாடல் 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டு அதன்பின் கொஞ்சம் இறங்கியது என்று வந்தது. அதாவது வளரும்போதே போக்கைத் திருப்ப முடியும்.

அந்த மாதிரிக் கணக்குகளை நம் தெருவுக்குப் பொருத்தும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். வரைபடத்தில் இரண்டு ரோடு தொட்டுக்கொண்டிருக்கும். நேரில் போனால் நடுவே நாலடி பள்ளமோ பூட்டிய கேட்டோ இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: வரைபடத்தில் முட்டுச்சந்து, நேரில் பார்த்தால் சுவர் இடிந்த சந்து வழியாகப் பிள்ளைகள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள்.

இணைப்பு கூடினால் மக்கள் வண்டியை விட்டுவிட்டு நடப்பார்களா என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை. அப்படி நடக்கிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் நடக்கப் பிடித்தவர்கள் அந்த மாதிரி இடமாகப் பார்த்துக் குடியேறுகிறார்களோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கே இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் மேல்நாட்டில் நடந்தவை. அங்கே புறநகர் என்றால் பெரிய மனை, தள்ளித் தள்ளி வீடு. நம் பக்கம் மூன்று செண்டில் வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், முன்னால் மளிகைக்கடை. ஆள் நெருக்கம் இருக்கிறது, வழிதான் இல்லை. அதனால் ஒரே ஒரு வழி திறந்தால் இங்கே பயன் அதிகம் பேருக்குப் போகும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயங்களும் இருக்கின்றன. டவுன் பஸ் எங்கள் சைட்டுக்குள் வருவதில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். முட்டி நிற்கும் ரோட்டில் பஸ் வந்தால் திரும்ப இடம் ஏது? அதனால் சத்தி ரோடு, அவினாசி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று மெயின் ரோட்டிலேயே அது ஓடுகிறது. எல்லாச் சிறு பயணமும் மெயின் ரோட்டில் வந்து விழுவதால் அந்த ரோடுகள் பிதுங்குகின்றன. அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டி 2025-ல் திறந்தாயிற்று. தூரத்துக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பின்தெருவுக்குப் பால் வாங்கப் போகிறவரை அந்த ரோட்டிலிருந்து விலக்க அந்தப் பாலத்தால் முடியாது.

தண்ணீரும் அப்படித்தான். குழாய் ரோட்டின் கீழேதான் போகும். ரோடு முட்டி நின்றால் குழாயும் முட்டி நிற்கும். கடைசி வீட்டில் அழுத்தம் குறைவு, தண்ணீர் தேங்கி அடியில் வண்டல் படியும், குளோரின் வீரியமும் குறைந்துபோகும். சுற்றி வந்து சேரும் குழாயில் இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரும், ஓரிடத்தில் உடைந்தாலும் ஊர் முழுக்க அடைக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கும் இதே நியாயம்தான். ஒரே வாய் உள்ள சைட்டில் வாயிலேயே பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டினால் உள்ளே இருக்கும் நூறு வீடும் மாட்டிக்கொள்ளும். உங்கள் பகுதியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

சுவரை எடுக்கச் சொன்னால் குடியிருப்பவர்கள் எதிர்ப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முட்டுச்சந்தில் வண்டி சத்தம் இல்லை, பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் விளையாடலாம், புது ஆள் வந்தால் உடனே தெரியும். ஆனால் வண்டியையும் ஆளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1929-ல் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கட்டியபோது முட்டுச்சந்துகளாகத்தான் போட்டார்கள். அதே சமயம் வீடுகளுக்குப் பின்னால் பூங்கா வழியாக நடந்து போக வழிகளும் விட்டார்கள். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைவழியை விட்டுவிட்டார்கள். ஆறடி அகலத்தில், கார் நுழையாதபடி நடுவே ஒரு கல் நட்டு, ஆளும் சைக்கிளும் போக வழி விட்டால் உங்கள் மகள் மூன்று நிமிடத்தில் பள்ளிக்குப் போவாள், தெருவில் கிரிக்கெட்டும் நடக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில இடங்களில் சுவருக்குக் காரணம் வண்டியும் இல்லை, திருட்டும் இல்லை. அந்தப் பக்கம் குடியிருப்பவர் என்ன சாதி என்பதுதான். அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இனி புதிதாகப் போடும் இடங்களிலாவது சரியாகச் செய்யலாம் அல்லவா? செய்யலாம். குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்ற முறை நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள எல்லார் நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் எடுத்தது போக மீதியை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். எல்லோரும் கொஞ்சம் இழக்கிறார்கள், எல்லோருக்கும் ரோடு கிடைக்கிறது. ஜப்பானிலும் இந்த முறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. நம் பக்கம் பூமிக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்றால், ஒரு செண்டுக்கே கோர்ட்டுக்குப் போகிற ஊரில் சுலபம் இல்லை. ஆனால் பெரிய துண்டாக ஒரே கையில் இருக்கும் இடங்கள் உண்டு. மூடிக் கிடக்கும் பஞ்சாலை வளாகங்கள் அப்படிப்பட்டவை. ஒரு ஆலை இடத்தில் குறுக்கே இரண்டு பொது ரோடு விட்டால், அதைச் சுற்றிக்கொண்டு போகும் நாலு பேட்டைகளின் தலையெழுத்து மாறும். அந்த இடம் சுற்றுச்சுவரோடு அப்படியே அபார்ட்மெண்டாக மாறிவிட்டால் அடுத்த நூறு வருடத்துக்கு வாய்ப்பு இல்லை.

உங்கள் பகுதியில் அந்த வாய்ப்பு தவறியதற்கு நேரமும் ஒரு காரணம். சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர் எல்லாம் பேரூராட்சிகளாகவும் விளாங்குறிச்சி ஊராட்சியாகவும் இருந்தபோதே நிறைய சைட் போட்டாயிற்று. 2011-ல் மாநகராட்சி எல்லை 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257-க்கு விரிந்து இவற்றைச் சேர்த்துக்கொண்டபோது, தெருக்கோடுகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு அது அவசியமான நிவாரணம். ஆனால் வரன்முறை என்றால் இருக்கிற தெருவை இருக்கிறபடி ஏற்றுக்கொள்வதுதான். புதிதாக வழி திறக்க அதில் இடமில்லை.

சரி, உங்கள் சுவருக்கு வருகிறேன். இடத்தை நேரில் பார்க்காமல், ஆவணம் பார்க்காமல் திறக்க முடியும், முடியாது என்று எதையும் சொல்ல மாட்டேன். என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் மனைக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்கும் புல எண் (சர்வே நம்பர்) எடுத்து, இரண்டுக்கும் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம் வாங்குங்கள். அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். இரண்டு புலத்துக்கும் நடுவே தனி எண்ணோடு ஒரு ஒடுங்கிய துண்டு ஓடுகிறதா, அல்லது பட்டா நிலத்துக்குள்ளேயே புள்ளிக்கோடாகத் தடம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தனி எண் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் கை பலமாக இருக்கிறது. பழைய இட்டேரி ஒன்று சுவருக்கடியில் படுத்திருக்கிறது என்று அர்த்தம். தாலுகா சர்வேயரை வைத்து அளக்க மனுக் கொடுக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் சைட்டின் அங்கீகார வரைபடத்தையும், ரோடுகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தையும் தேடுங்கள். ரோடு எல்லை வரை தொட்டு நிற்பதாக அதில் இருந்து, சுவர் அந்த ரோட்டின்மேல் நின்றால், அது பொது ரோட்டில் நிற்கும் சுவர். மாநகராட்சியிடம் எழுத்தில் கேட்கலாம். ரோடு எல்லைக்கு மூன்றடி முன்னாலேயே நின்றுவிட்டிருந்தால், அந்த மூன்றடி யார் பெயரில் இருக்கிறது என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது சட்டம் பெரிதாக உதவாது, பேச்சுவார்த்தைதான். பள்ளி நிர்வாகத்தையும் அந்தத் தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மற்ற வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போய், ஆறடி நடைவழி மட்டும் கேளுங்கள். இருபதடி ரோடு என்று ஆரம்பித்தால் முதல் பேச்சிலேயே முறிந்துவிடும்.